பதினைந்து டஜன் குடை

அத்தியாயம் ஒன்பது

கடைக்குள் கால் வைக்கக் கூடாது என்று நீலாவதிக்கு உத்தரவாகி அன்றோடு ஐந்து நாள்.

உத்தரவு போட்டவர் அவளுடைய மூத்தார் பக்தவத்சலம். அதையும் அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தம்பி பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அவரிடம் கிடையாது. நீலாவதி இந்த வீட்டுக்கு வந்த ஏழு வருஷமும், அவள் எதிரிலேயே நின்றாலும், சொல்ல வேண்டியதைத் தன் மனைவி அன்னம்மாளிடம்தான் சொல்வார்.

"அவளைக் கடைக்கு வர வேணாம்னு சொல்லு."

அன்னம்மாள் திரும்பி, "கேட்டுச்சாடி?" என்றாள். தீர்ப்பு முடிந்தது.

அவள் செய்த குற்றம் என்னவென்று போன வாரம் பார்த்தோம். பெங்காலி வாத்தியார் ஒருவர் வெள்ளை வேட்டியில் இடுப்பு முதல் முழங்கால் வரை கறுப்புக் கோடு கோடாக வழிய, கையில் ஒரு குடையோடு கடைக்கு வந்தார். நாலு நாளைக்கு முன் இங்கே வாங்கிய குடை. மழையில் சாயம் கரைந்துவிட்டது. "அந்தமான் மழைக்கு எந்தக் குடை தாங்கும் மாஸ்டர்ஜி?" என்று பக்தவத்சலம் சிரித்தே அவரை அனுப்பப் பார்த்தார். நீலாவதி எழுந்து உள்ளே போனாள். வீட்டுக் குடையைக் கொண்டுவந்து வாத்தியார் கையில் கொடுத்து, கடை நிறைய ஆள் நிற்கும்போதே, இந்தியில் மன்னிப்பும் கேட்டுவிட்டாள்.

மன்னிப்புக் கேட்டதைத்தான் மூத்தாரால் பொறுக்க முடியவில்லை.

ஜங்லிகாட்டில் அந்தக் கடையின் போர்டில் 'கோவிந்தராஜ் அண்ட் சன்ஸ்' என்று எழுதியிருக்கும். காலமான மாமனாரின் பெயர். ஆனால் வாங்க வருகிறவர்கள் 'பாபி கடை', அதாவது அண்ணி கடை, என்றுதான் சொல்வார்கள். பெங்காலிப் பெண்களிடம் பாதி இந்தி பாதி பெங்காலியில், ராஞ்சிக் கூலிக்காரப் பெண்களிடம் உடைந்த இந்தியில், மலையாளிகளிடம் கையையும் கண்ணையும் வைத்து நீலாவதி பேசுவாள். துணியைத் தொட்டுப் பார்க்க விடுவாள். லாந்தரை ஏற்றிக் காட்டிவிட்டுக் கொடுப்பாள். இந்த ஐந்து நாளில் எத்தனையோ பேர் எட்டிப் பார்த்து, "பாபி நஹீன்?" என்று கேட்டுவிட்டு, வாங்காமலே போய்விட்டார்கள். பின்கட்டில் அரிசி களைந்துகொண்டே அவள் அதைக் காதால் கேட்டாள்.

அந்த வியாழக்கிழமை காலையில் மழை வலுத்துக் கொண்டிருந்தது. கடையிலிருந்து சாக்குத் தைக்கும் சத்தம் வந்தது. கணவன் இராமகிருஷ்ணன் கோணி ஊசியோடு பின்கட்டுக்கு வந்து சணல் கயிறு தேடினான்.

"எதைக் கட்டறீங்க?"

"குடைதான். மிச்சம் இருக்கிற பதினஞ்சு டஜனும் திக்லிபூர் போவுது. கனி பாய் வந்திருக்காரு. பன்னெண்டு மணி போட்டுல ஏத்தறோம்."

நீலாவதியின் கை அரிசிப் பாத்திரத்தில் நின்றது. நாகூர் கனிக்குத் திக்லிபூர் பஜாரில் கடை. வருஷத்தில் நாலைந்து தடவை தெற்கே வந்து, இவர்களிடம்தான் மொத்தமாகச் சரக்கெடுப்பார். வடக்கே குடியேறியவர்களுக்கு உப்பிலிருந்து செருப்புவரை அவர் கடைதான்.

"சாயம் போற குடைன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

இராமகிருஷ்ணன் கயிற்றைப் பார்த்தான். "அண்ணன் பேசிக்கிறாரு."

"என்னன்னு பேசறாரு?"

"எனக்கென்ன தெரியும்? விடு நீலா. இங்க வித்தா தினமும் ஒருத்தன் வாசல்ல வந்து நிக்கறான். திக்லிபூர்க்காரன் வந்து கேக்கணும்னா ராத்திரி பகலா கடல்ல வரணும். ஒரு குடைக்காக யார் வருவா?"

அது அவன் பேச்சு அல்ல. அண்ணன் பேச்சை அவன் வாய் சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் முகம் ஏன் அப்படி வெளிறிப் போனது என்று அவளுக்குப் புரியவில்லை.

"அங்க இப்ப நடவு சமயம். பொம்பளைங்க குழந்தையை வரப்புல குடைக்குக் கீழ படுக்க வெச்சிட்டு வயல்ல இறங்குவாங்க. அந்தக் குழந்தை மேல இந்தக் கறுப்புத் தண்ணி சொட்டணுமா?"

அவன் கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சற்று நேரத்தில் அன்னம்மாள் வந்தாள். அந்த வீட்டில் அதிகம் பேசாதவள் அவள்தான். தையல் மெஷின் உண்டு, அவள் உண்டு.

"உன் மூத்தார் சொல்லச் சொன்னாரு. சாயம் போனது வேற கட்டாம். இது நல்ல கட்டாம்."

"அப்படியா அக்கா?"

"அப்படித்தான் சொன்னாரு." அன்னம்மாள் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

நீலாவதி எழுந்தாள். கட்டிய மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றக் கடையின் பின்வாசலில்தான் அடுக்கியிருந்தார்கள். ஒரு சாக்கின் வாயை விரலால் நெகிழ்த்தி ஒரு குடையை உருவினாள். முற்றத்து மழையில் விரித்துப் பிடித்தாள். கீழே அடுப்படித் துண்டை விரித்தாள். நூறு எண்ணுவதற்குள் குடைக் கம்பியின் நுனியிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. வெள்ளைத் துண்டில் மை கொட்டியது போல அது பரவியது.

"அக்கா, பாருங்க."

அன்னம்மாள் பார்த்தாள். "பார்த்தாச்சு. வாயை மூடிக்கிட்டு உள்ள வா. ஆம்பளைங்க வியாபாரம்."

"வாங்கறது பொம்பளைங்கதானே அக்கா?"

அன்னம்மாள் திரும்பி உள்ளே போனாள். தள்ளுவண்டிகள் போய்விட்டன. அவற்றோடு மூத்தாரும் போய்விட்டார். நீலாவதி சோற்றை வடித்தாள், ரசத்தை இறக்கினாள், கையைத் துடைத்தாள். அந்தக் குடை முற்றத்து ஓரத்தில் விரித்தபடியே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். உடம்பில் இருந்தது வெளிர்மஞ்சள் சேலை.

"எங்கடி போற?" என்றாள் அன்னம்மாள்.

"ஜெட்டிக்கு."

"இந்தச் சேலையிலயா? இந்தக் குடையிலயா?"

"இதுலதான்."

ஜங்லிகாட்டிலிருந்து மேடேறி பீனிக்ஸ் பே ஜெட்டிக்கு இறங்கும்போது மணி பதினொன்றே முக்கால் ஆகியிருந்தது. மேட்டிலேயே தோளில் முதல் கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. இறக்கத்தில் முதுகு முழுக்க நனைந்து, முந்தானை சாம்பலும் கறுப்புமாகக் கலங்கிப் போயிருந்தது. எதிரே சைக்கிளில் வந்தவன் ஒருவன் நிறுத்தி, "பாபி, ரங்! ரங் உதர் ரஹா ஹை!" என்று, சாயம் இறங்குவதைக் காட்டிப் பதறினான்.

"மாலும் ஹை, பையா." தெரியும் என்றாள். குடையை மடக்கவில்லை.

ஜெட்டியில் வடக்கே போகும் கூட்டம் நெரித்துக் கொண்டிருந்தது. கோழிக்கூடை, டிரங்குப் பெட்டி, கன்றுக்குட்டி, அழும் பிள்ளைகள். கூரைக்குக் கீழே நாகூர் கனி தம் சரக்கை ஏற்றுவதற்காகக் கூலிக்காரர்களை விரட்டிக் கொண்டிருந்தார். பக்கத்தில் பக்தவத்சலம் தேநீர்க் கிளாஸோடு நின்றார். நீலாவதியைக் கண்டதும் கிளாஸ் அவர் உதட்டருகே நின்றுவிட்டது.

"தங்கச்சி! என்ன இது கோலம்?" என்றார் கனி.

"உங்க பதினஞ்சு டஜன்ல ஒண்ணு இது, பாய். வீட்லேருந்து இதைப் பிடிச்சுக்கிட்டுதான் வந்தேன்."

கனி அவளுடைய சேலையைப் பார்த்தார். பிறகு குடையைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பக்தவத்சலத்தின் பக்கம் திரும்பினார்.

பக்தவத்சலம் சிரிக்க முயன்றார். "ஏதோ ஒண்ணு ரெண்டு மாறியிருக்கும் பாய். பொம்பளைப் பேச்சு..."

"நானே சாக்குலேருந்து எடுத்தேன்" என்றாள் நீலாவதி. "வேற எதை வேணா நீங்களே எடுத்து நனைச்சுப் பாருங்க."

வரிசையில் நின்ற ஒரு பெங்காலிப் பெண், கைக்குழந்தையோடு நெருங்கி வந்து, நீலாவதியின் முந்தானையைப் பிடித்துக் கசக்கிப் பார்த்தாள். விரல் கறுப்பானது. அவள் பின்னால் இருந்தவர்களிடம் என்னவோ சொன்னாள். இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

கனி மூட்டைகள் பக்கம் குனிந்தார். ஒரு மூட்டையைக் கத்தியால் கீறினார். ஒரு குடை, இன்னொரு மூட்டையிலிருந்து ஒரு குடை, மூன்றாவதிலிருந்து ஒன்று. மூன்றையும் விரித்து மழையில் வைத்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். ஜெட்டியின் சிமெண்டுத் தரையில் மூன்று கறுப்பு ஓடைகள் கிளம்பிக் கடலை நோக்கி ஓடின.

"எறக்குங்கடா" என்றார் கனி.

கூலிக்காரர்கள் குடை மூட்டைகளை இறக்கினார்கள்.

"அது மட்டுமில்ல. லாந்தர் பெட்டி, செருப்பு மூட்டை, துணி, எல்லாத்தையும் எறக்கு. ஜல்தி!"

நீலாவதி திடுக்கிட்டாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. "பாய், லாந்தரெல்லாம் நல்ல சரக்கு! நானே ஒவ்வொண்ணா ஏத்திப் பார்த்தது."

"நீ சொல்றே, நம்பறேன் தங்கச்சி." அவர் குரல் உயரவில்லை. "எட்டு வருசமா உங்க கடை மூட்டையை நான் பிரிச்சுப் பார்த்ததே இல்ல. இங்க கட்டினது கட்டினபடியே அங்க போயி இறங்கும். அந்தச் சனங்க என் மூஞ்சியப் பாத்துத்தான் வாங்குதுங்க. கோவிந்தராஜ் யாரு, பக்தவத்சலம் யாருன்னு அவங்களுக்கு என்ன தெரியும்? நாளைக்கு என்னைத்தான் காறித் துப்புவாங்க. இனிமே பிரிச்சுப் பாக்காம எடுக்க மாட்டேன். எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்க இன்னைக்கு நேரமில்ல."

போட்டின் சங்கு ஊதியது. கனி பலகையில் ஏறினார். ஏறியவர் திரும்பி ஒரு முறை கையைத் தூக்கினார். அது நீலாவதிக்கா, பக்தவத்சலத்துக்கா, யாருக்கென்று தெரியவில்லை.

போட் நகர்ந்தது. வேலை முடிந்த கூலிக்காரர்கள் கலைந்தார்கள். நனைகிற சரக்கு மலையாகக் குவிந்து கிடக்க, அதற்கு இந்தப் பக்கம் நீலாவதியும் அந்தப் பக்கம் மூத்தாரும் நின்றார்கள். நடுவில் நின்று சொல்லிவிட அன்னம்மாள் இல்லை.

பக்தவத்சலம் ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"திருப்தியா?"

அவள் குடையை மடக்கித் தரையில் ஊன்றினாள்.

"இந்தச் சரக்கை யாரு வாங்கினதுன்னு நெனச்சே? நானா? சித்திரை மாசம் மெட்ராசுக்குப் போனது யாரு?"

சித்திரையில் மெட்ராஸ் போனவன் இராமகிருஷ்ணன். முதன்முதலாகத் தனியாகக் கொள்முதலுக்கு அனுப்பப்பட்டவன். திரும்பி வந்த அன்று கப்பலிலிருந்து இறங்கும்போது அவன் நெஞ்சு நிமிர்ந்திருந்ததை அவளே பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

"எவனோ மலிவுன்னான், இவன் அள்ளிக்கிட்டு வந்துட்டான். மொத கட்டைப் பிரிச்சப்பவே எனக்குத் தெரியும். எவன்கிட்டயும் சொல்லாதேடான்னேன். என் தம்பி வாங்கின மொத சரக்கு. ஊரு சிரிச்சா அப்புறம் அவன் எந்தக் கடையில நிமிந்து உக்காருவான்? அதான் அத்தனை பேச்சையும் நான் வாங்கிக்கிட்டேன். இன்னைக்கு நீ வந்து என் தலையில கொட்டினியே, அது உன் புருஷன் தலையில விழுந்துதும்மா."

மழை அவர் மீசையில் வழிந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. தம்பிக்காக வசவு வாங்கிய மனிதர். அவர் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"உங்க தம்பி தலை குனியக் கூடாதுன்னு திக்லிபூர்ல நூத்தெண்பது பேர் நனையணுமா மாமா?"

"ஏய்!"

"அவர் வாங்கினது தப்பு. தெரியாம வாங்கினாரு. நீங்க தெரிஞ்சு விக்கறீங்க."

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு மேடேறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் இராமகிருஷ்ணன் கடைப்பலகையில் உட்கார்ந்திருந்தான். அவளுடைய கோலத்தைக் கண்டதுமே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அண்ணன் சொல்லிட்டாரா?"

"நீங்க ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீ என்னமோ என்னைப் பெரிய வியாபாரின்னு..." அவன் குரல் கம்மியது.

"வாங்கறப்ப தண்ணியில நனைச்சுப் பாத்தீங்களா?"

"மெட்ராஸ்ல அன்னைக்கு நல்ல வெயில், நீலா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து வந்த சிரிப்பு. அவனும் சிரிக்கப் பார்த்து, முடியாமல் முகத்தை மூடிக்கொண்டான். அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள். தோளைத் தொடவில்லை, கை முழுக்கக் கறுப்பு.

"எந்திரிங்க. ஒரு போர்டு எழுதணும்."

"என்ன போர்டு?"

"இங்க குடை வாங்கினவங்க எல்லாரும் கொண்டு வரணும். துணியை மாத்தித் தர்றோம். கம்பி நல்ல கம்பிதானே? கறுப்புத் துணி ஒரு முழுச் சுருள் இருக்கு. போன மாசமே நான் நனைச்சுப் பாத்தேன், ஒரு பொட்டு சாயம் போகல. எட்டெட்டுத் துண்டா வெட்டித் தைக்கணும், அவ்வளவுதான்."

"ஊருக்கெல்லாம் நாமளே தமுக்கடிச்சுச் சொல்லணுமா?"

"ஊருக்குத் தெரியும். நாம சொல்றோமான்னுதான் பாக்கறாங்க."

அவன் எழுந்தான். பிறகு ஒரு பிளைவுட் பலகையைத் தேடி எடுத்தான். அவனுக்கு நல்ல கையெழுத்து. மேலே தமிழில், கீழே இந்தியில், நிதானமாக எழுதினான். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு குடையும் மூன்று சொட்டும் வரைந்தான். முடித்துவிட்டான் என்று அவள் பலகையைத் தூக்கப் போனாள்.

"இரு" என்றான். அடியில் சின்னதாக ஒரு வரி சேர்த்தான். 'பார்க்காமல் வாங்கி வந்தவன் நான். பொறுத்துக்கொள்ளவும். இராமகிருஷ்ணன்.'

பலகையை அவனே வாசலில் கொண்டுபோய் மாட்டினான்.

இரண்டு மணிக்குத் தள்ளுவண்டிகள் திரும்பி வந்தன. பக்தவத்சலம் சரக்கையெல்லாம் கடைக்குள் இறக்கச் செய்தார். பிறகு வெளியே வந்து போர்டைப் படித்தார். மேலிருந்து கீழே வரை படித்தார். கடைசி வரியில் கண் வந்ததும் தம்பியைப் பார்த்தார்.

"யாரு எழுதச் சொன்னது?"

"நானேதான் எழுதினேன் அண்ணே."

"அவளா, நீயா?"

"கடைசி வரி நான்."

போர்டைப் பிடுங்கி எறிவார் என்று நீலாவதி நினைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. கடைக்குள் போய்ப் பின்வாசலை உட்புறம் தாழிட்டு, ஆணியில் தொங்கிய பூட்டையும் சாவியையும் எடுத்து வந்தார். கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தானே போட்டார். பூட்டினார். இழுத்துப் பார்த்தார்.

"போர்டு இருக்கட்டும். கடை இருக்காது" என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். சாவியை மடியில் செருகிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டு, கடைவீதிப் பக்கம் நடந்துவிட்டார்.

இராமகிருஷ்ணன் பூட்டையே பார்த்துக் கொண்டிருந்தான். எதிர்க்கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதுதான் மரியாதையுள்ள குடும்பம் செய்கிற காரியம். நீலாவதி வீட்டுக்குள் போனாள். போனவள், கூடத்துப் பெஞ்சைத் தரையில் உராய உராய இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பூட்டிய கதவுக்கு முன்னால், போர்டுக்கு நேர் கீழே போட்டாள். கறை படிந்த அதே சேலையோடு அதில் உட்கார்ந்தாள்.

"கடைக்குள்ளதானே வரக் கூடாது? தெருவுல உக்காரலாம்" என்றாள்.

சற்றுப் பொறுத்து உள்ளே என்னவோ உருளும் சத்தம் கேட்டது. அன்னம்மாள் தன் தையல் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா! மாமா வந்தா..."

"வரட்டும். முப்பது வருசமா அவர் சொன்னதை உனக்கும், நீ சொன்னதை அவருக்கும் சொல்றதுக்கா பொறந்தேன்? இவ்வளவு நாள் வாயே இல்லாம இருந்தேன். காலாவது மிதிக்கட்டும்." மெஷினைக் கூரைக்குக் கீழே நிறுத்தினாள். "நீ இங்க வந்து ஏழு வருசம்தான்னு சொல்லாதே. உனக்கு முன்னாடி உன் மாமியாருக்கும் நான்தான் சொன்னேன்."

மழை விட்டிருந்தது. முதலில் வந்தது ஒரு தெலுங்குக்காரக் கிழவர். போர்டைப் படிக்காமல், படத்தைப் பார்த்து, தயங்கித் தயங்கித் தன் குடையை நீட்டினார். இராமகிருஷ்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பிளேடால் பழைய துணியைக் கம்பியிலிருந்து அறுத்தெடுக்கத் தொடங்கினான்.

அடுத்து ஒரு லாரி வந்து நின்றது. முன்னாலிருந்து காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் குதித்தார். ரோடு வேலை காம்ப்பின் மேஸ்திரி, ராஜமாணிக்கம். போர்டை வாய்விட்டுப் படித்தார்.

"நெசந்தானாம்மா இது?"

"நெசந்தான்."

"எங்க காம்ப்ல மட்டும் முப்பது பேரு வாங்கியிருக்காங்க. எல்லாம் ராஞ்சிச் சனம். சட்டையெல்லாம் போச்சு. நாளைக்கு எல்லாரும் கடைக்கு வந்து கத்தப் போறோம்னு கிளம்பிட்டானுங்க. நான்தான் மொதல்ல பாத்துட்டு வரேன்னு வந்தேன்." அவர் பூட்டிய கதவைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். "கடையே பூட்டியிருக்கு? முப்பதையும் மாத்தித் தருவீங்களா, இல்ல போர்டு மட்டுந்தானா?"

அன்னம்மாள் நீலாவதியின் காதருகே குனிந்தாள்.

"துணிச் சுருள் எங்கடி?"

நீலாவதி பின்னால் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமில்லை. அந்தக் கறுப்புத் துணிச் சுருள், பூட்டிய கதவுக்கு உள்ளே, இடது கைப் பக்கம் மூன்றாவது தட்டில் இருந்தது. சாவி மூத்தார் மடியில்.

அவள் மேஸ்திரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொண்டு வாங்க" என்றாள். "நாளைக் காலையில முப்பது பேரையும் கூட்டிக்கிட்டு வாங்க. இந்தக் கதவுக்கு முன்னாடிதான் உக்காந்திருப்போம்."